அந்தக் கிழட்டு டார்ச்சுக்குள் லித்தியத்தைத் திணிக்காதீர்கள்

முத்துக்குளிக்கிற மாதிரி மூச்சடக்கி இல்லாமல், காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவது இப்போது பொழுதுபோக்காகிவிட்டது. அதோடு இன்னொரு பைத்தியமும் சேர்ந்திருக்கிறது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அமெரிக்காவில் செய்த பழைய நீர்மூழ்கு டார்ச்சுகளை இணையத்தில் தேடிப் பிடிப்பது. இகெலைட், பிரின்ஸ்டன் டெக், அண்டர்வாட்டர் கைனெடிக்ஸ் என்று அந்தக் காலத்துப் பெயர்கள். வாங்கட்டும், நல்ல சரக்குதான். ஆனால் வாங்கிய மறுநாளே உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, லித்தியம் செல்லையும் 20 வாட் எல்.இ.டி.யையும் திணித்து ‘அப்கிரேட்’ என்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

புதுசு எதுவும் பிடிக்காத கிழவனின் புலம்பல் என்று நினைக்க வேண்டாம். எல்.இ.டி. அருமையான சாமான். பழைய பல்பு உள்வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாக்கித்தான் வீணடித்தது. அந்த பல்புகள் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. 2, 3 வாட் எல்.இ.டி. ஒன்றைப் பொருத்தி, அதே சைஸ் ரீசார்ஜ் செல்லைப் போட்டுக்கொண்டால் யார் தடுக்கப் போகிறார்கள்? என் சண்டை அதோடு அல்ல.

அந்த விளக்கு என்ன என்று முதலில் பார்க்க வேண்டும். அது காற்றுப் புகாத ஒரு டப்பா. உள்ளே சாதாரண செல். சாதாரண செல்லும் ஹைட்ரஜன் வாயுவைக் கொஞ்சம் கசியவிடும். ஒரு செல்லைத் தலைகீழாகப் போட்டாலோ, பழசும் புதுசும் கலந்து போட்டாலோ நிறையவே விடும். வீட்டு டார்ச்சில் அது இடுக்கு வழியாகப் போய்விடும், இதில் போக இடமில்லை. சுவிட்சைத் தட்டும்போது வரும் ஒரு பொறி போதும். அதனால்தான் விவரமாகச் செய்த விளக்குகளில் அந்த வாயுவைத் தின்றுவிடும் சிறு குருணைகளை உள்ளே எங்காவது வைத்திருப்பார்கள்.

நண்பர் ஒருவரின் பையன் அப்படி ஒரு விளக்கைக் கொண்டுவந்து காட்டினான். “உள்ளே சின்னப் பொட்டலம் மாதிரி ஏதாவது இருந்ததா தம்பி?” என்று கேட்டேன்.

“ஆமா அங்கிள், ஈரம் உறிஞ்சுற பாக்கெட்டுன்னு நெனச்சுத் தூக்கிப் போட்டுட்டேன்.”

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. செய்முறை காட்டும் வீடியோக்காரர்கள் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

இனி லித்தியம். அந்த செல் உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் சில நொடிகளில் எரியும் வாயுவைக் கக்கும், வெளிக்காற்றே இல்லாவிட்டாலும் மேலும் மேலும் சூடேறும். லித்தியத்துக்கென்றே செய்த இன்றைய விளக்குகள் பலவற்றில், உள்ளே அழுத்தம் ஏறினால் திறந்துகொள்ளும் வால்வு உண்டு. நாற்பது வருஷத்துக்கு முந்தைய டப்பாக்கள் பலவற்றில் அது கிடையாது. மூடி திருகு மரையில் இறுகி நிற்கும். முன் கண்ணாடிதான் பிய்த்துக்கொண்டு வரவேண்டும், அது யார் முகத்தைப் பார்த்து இருக்கிறதோ அவர் பாடு.

30 மீட்டர் ஆழத்தில் 8 செ.மீ. விட்டமுள்ள முன் கண்ணாடியை ஏறக்குறைய 150 கிலோ எடை வெளியிலிருந்து அழுத்துகிறது. அங்கே ஒரு துளி உப்புத்தண்ணீர் புகுந்து செல்லைத் தொட்டால்? பழைய செல்லாக இருந்தால் விளக்கு அணையும், ஆள் மேலே வந்து திட்டிக்கொள்வான். லித்தியமாக இருந்தால் கையில் இருப்பது விளக்கே அல்ல.

2019 செப்டம்பர் 2 அன்று கலிஃபோர்னியாவில் சாண்டா குரூஸ் தீவுக்கருகே ‘கன்செப்ஷன்’ என்ற டைவிங் படகு எரிந்து, கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 34 பேர் இறந்தார்கள். தீ எதனால் பிடித்தது என்று முடிவாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் இரவில் விளக்கு, கேமரா, போன் என்று பேட்டரிகளைச் சார்ஜுக்குப் போட்டிருந்த இடமும் சந்தேகப் பட்டியலில் இருந்தது. கடைகளில் வாங்கிய பேட்டரிகளுக்கே அந்தச் சந்தேகம் என்றால், வீட்டு மேஜையில் ஈயம் வைத்து ஒட்டியதைப் படகில் ஏற்றலாமா?

சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய பல்பின் சூடு பெரும்பாலும் ஒளியோடு சேர்ந்து முன்னாலேயே போய்விடும். எல்.இ.டி.யின் சூடு முதுகு வழியாக இறங்க வேண்டும். முதுகில் இருப்பது பிளாஸ்டிக், அது சூட்டைக் கடத்தாது. 20 வாட் வைத்தால் உள்ளே வேகும், பக்கத்தில் லித்தியம் உட்கார்ந்திருக்கிறது.

இத்தனை ஆபத்துக்கும் கிடைப்பது என்ன? கண்ணைக் கூசும் நீல வெள்ளை. ஆழத்தில் முதலில் காணாமல் போவது சிவப்பு, அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் கிட்டத்தில் விளக்கே பிடிக்கிறோம். பழைய பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்பு தாராளமாக இருந்தது. மலிவான எல்.இ.டி.யில் அது குறைச்சல். கலங்கிய தண்ணீரிலோ, வெளிச்சத்தைக் கூட்டக் கூட்ட எதிரே தூசி மட்டும்தான் மின்னும்.

ரப்பர் வளையம் தனிக்கதை. அமெரிக்க விளக்குகளில் பல அங்குலக் கணக்கில் செய்தவை. 2.62 மி.மீ. தடிமன் இருந்த இடத்தில் நம் கடைக்காரர் 2.5 மி.மீ. வளையத்தைக் கொடுத்து, “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்பார். ஒன்றல்ல. வளையம் நசுங்கி அடைப்பதே அரை மி.மீ.க்கு உள்ளேதான், அதில் கால்வாசி போய்விடும். கண்ணாடியைத் தின்னர் போட்டுத் துடைப்பவர்களும் உண்டு. அது கண்ணாடியே அல்ல, பாலிகார்பனேட். முடி மாதிரி விரிசல் விடும்.

பெரிய வெளிச்சம் வேண்டுமா, அதற்கென்றே செய்த புது விளக்கை வாங்குங்கள். பழசு வேண்டுமா, வளையத்தை மாற்றி, சிலிகான் கிரீஸ் தடவி, செல் கசிந்த பச்சையை வினிகரால் துடைத்து, குருணைப் பொட்டலம் மக்கியிருந்தால் புதிது வைத்து, அதன் பழைய சக்திக்குள்ளேயே ஓட விடுங்கள். ரீசார்ஜ் செல்லை எப்போதும் வெளியே எடுத்துத்தான் சார்ஜ் செய்ய வேண்டும். முதல் தடவை செல்லே இல்லாமல், உள்ளே ஒரு டிஷ்யூ காகிதமும் ஈயக்கட்டியும் மட்டும் வைத்து மூடி, கயிற்றில் கட்டி இறக்குங்கள். அரை மணி கழித்துத் தூக்கி, மேலே நன்றாகத் துடைத்துவிட்டு, மூடியை முகத்துக்கு நேரே பிடிக்காமல் மெதுவாகத் திருகிப் பாருங்கள், காகிதம் காய்ந்திருக்கிறதா என்று.