ஒதுக்கியவன் பெயர் என்ன?

குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில் பிறந்து, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிற ஒரு பெண் இங்கிலீஷ் பேப்பரை விரிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டுச் செய்தியில் வடகொரியாவுக்கு அடைமொழியாக ஒரு சொல் நிற்கிறது: ‘பரையா’. அகராதியைப் புரட்டுகிறாள். எல்லாராலும் ஒதுக்கப்பட்ட, யாரும் கிட்டச் சேர்க்காத என்று போட்டிருக்கிறது. கீழே சின்ன எழுத்தில் சொல்லின் பிறப்பு: தமிழ். அவளுடைய சாதிப் பெயர்.

இங்கிலீஷ் படித்தால் சாதி போய்விடும் என்று சொல்லித்தான் நம் பிள்ளைகளை அனுப்புகிறோம். அங்கே போனால் சாதி நமக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கிறது.

நம்ம ‘ற’வைத் தேய்த்து ‘ர’ ஆக்கி இந்தச் சொல்லை இங்கிலீஷ் எடுத்துக்கொண்டது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். முதலில் அது ஒரு சாதியின் பெயர். அப்புறம் வெள்ளைக்காரன் அதைத் தாழ்த்தப்பட்ட எல்லாருக்கும் நீட்டினான். 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியே இந்த நீட்டலைப் பதிவு செய்திருக்கிறது. அப்புறம் மனிதனை விட்டு மிருகத்துக்குத் தாவியது. தெருநாய் ‘பரையா நாய்’ ஆனது. ஊர்ப்பருந்து பழைய பறவை நூல்களில் ‘பரையாப் பருந்து’ ஆனது. சாதியின் பெயர் இப்படித்தான் பெயரடை ஆனது. குப்பையைக் கிளறுவது, அண்ட விடக்கூடாதது எதுவோ, அதுக்கெல்லாம் நம் பெயர்!

ஐரோப்பியர் எல்லாரும் ஏளனமாகத்தான் சொன்னார்கள் என்பதும் இல்லை. பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தென் த சேன்-பியேர் 1791இல் எழுதிய கதையில் ஞானம் பேசுகிறவனே ஒரு பறையன்தான். ஃப்ளோரா த்ரிஸ்தான் என்ற பெண்ணுரிமைப் போராளி 1838இல் தன் பயண நூலின் தலைப்பிலேயே தன்னை அந்தப் பெயரால் சொல்லிக்கொண்டார். யூதர்களின் நிலையை விளக்க ஹன்னா அரென்ட் 1944இல் இந்தச் சொல்லைத்தான் எடுத்தார். அவர்களின் வலி உண்மை. ஆனால் அந்த வலியைச் சொல்லக் கடன் கொடுத்த மக்கள் அந்தப் பக்கங்களில் எங்கே? உவமையாக இருக்கிறோம், ஆளாக இல்லை.

இப்போதைய புழக்கம் அதைவிட மோசம். 2019இல் அமெரிக்கத் தேர்தல் விவாத மேடையில், பத்திரிகையாளர் ஜமால் கஷோகி கொலைக்காக சவுதி அரேபியாவை இந்த நிலைக்குத் தள்ளுவேன் என்று ஜோ பைடன் பேசினார். கொலை செய்தவன், குண்டு போட்டவன், சொந்த மக்களை ஒடுக்குகிறவன்: இவனுக்குத்தான் இன்று அந்த அடைமொழி. அதாவது குற்றம் செய்து, அதற்காக ஒதுக்கப்பட்டவன். கேட்கிறோம்: நம்மாளுங்க செய்த குற்றம் என்ன? உழுதோம், நட்டோம், அறுத்தோம், செத்த மாட்டைத் தூக்கினோம், பறை அடித்தோம். குற்றம் செய்தவன் ஊருக்குள்ளே இருந்தான், நாம் சேரியில் இருந்தோம். அந்தப் பெயரடை இதைத் தலைகீழாக்கிக் காட்டுகிறது. ஒதுக்கப்பட்டது ஒதுக்கப்பட்டவனுடைய குணமாம். ஒதுக்கியவன் பெயரே அதில் கிடையாது.

இதை முதலில் பிடித்தவர்களில் ஒருவர் இந்த மலையில்தான் இருந்தார். பண்டிதர் அயோத்திதாசர் நீலகிரியில் வளர்ந்தவர். அவருடைய தாத்தா கந்தப்பன் ஆரிங்டன் துரை வீட்டு பட்லர். அவர் கொடுத்த ஏட்டுச்சுவடி வழியாகத்தான் திருக்குறள் எல்லிஸ் துரையின் கைக்குப் போனது என்று அயோத்திதாசரே எழுதியிருக்கிறார். குறளைக் கொடுத்த கையிடமிருந்து இங்கிலீஷ் பழகிக்கொண்டது இந்த வசவை!

1891 டிசம்பர் 1. ஊட்டி. மலைக்கு ரயில் வராத காலம். கோடையில் கவர்னர் ஏறி வந்து ஆட்சி நடத்துகிற ஊர். அங்கே அயோத்திதாசரின் முயற்சியில் திராவிட மகாஜன சபை கூடிப் பத்துத் தீர்மானங்கள் போட்டது. பள்ளிக்கூடம், உதவித்தொகை, அரசு வேலை, பொதுக் கிணறு, குளம் எல்லாம் அதில் உண்டு. அவற்றோடு ஒன்று: பறையர் என்று சொல்லி இழிவுபடுத்துகிறவர்களைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும். தண்ணீருக்கும் படிப்புக்கும் சமமாக ஒரு சொல்லை வைத்தார்கள். அதே ஆண்டில்தான் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலத்துக்கு வழிவிட்ட அறிக்கை. அதன் தலைப்பிலும் இதே சொல்தான். நிலத்துக்காக வாதாடியவருக்கே பெயர் உறுத்தவில்லை. ஊட்டியில் கூடியவர்களுக்கு உறுத்தியது.

அயோத்திதாசரின் மைத்துனர் இரட்டைமலை சீனிவாசன். அவரும் ஊட்டியில் வேலை பார்த்தவர்தான். 1893இல் பத்திரிகை தொடங்கினார். வைத்த பெயர் ‘பறையன்’. ஒருவர் அந்தப் பெயரே வேண்டாம் என்கிறார், இன்னொருவர் அதையே கொடியாக ஏற்றுகிறார். யார் சரி என்று இன்றைக்கும் நம் கூட்டங்களில் சண்டை நடக்கிறது. நாம் சொல்கிறோம்: இரண்டு பேரும் செய்தது ஒரே வேலை. எதிரியின் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்கினார்கள். ஒருவர் பிடுங்கிப் புதைத்தார், இன்னொருவர் பிடுங்கித் தன் வாயால் சொன்னார். நம் பெயரை யார் வைப்பது என்பதுதான் அங்கே கேள்வி. 1922இல் எம்.சி.ராஜா சட்டமன்றத்தில் போராடி ‘ஆதிதிராவிடர்’ என்று அரசு ஏட்டில் எழுத வைத்ததும் இதே கேள்விக்குத்தான்.

1891இல் ஊட்டியில் கேட்ட சட்டத்தின் முழு வடிவம் வர 98 வருசம் ஆனது. 1955 சட்டத்தில் கொஞ்சம் வந்தது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கியது. சாதிப் பெயரால் திட்டுவதை 2015 திருத்தம் தனியாகவே எழுதியது. சந்தோசம்தான். ஆனால் மற்றவர் பார்வையில் படாத நாலு சுவருக்குள் திட்டினால் இந்தப் பிரிவு பொருந்தாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆபீஸ் ரூம் கதவைச் சாத்திவிட்டுத் திட்டுகிற மேஸ்திரிக்கும் மேனேஜருக்கும் இது நல்லாவே தெரியும்.

நம் பக்கத்தையும் பேசணும். அயோத்திதாசர் எழுத்தில் அருந்ததியரையும் குறவரையும் தாழ்த்திப் பேசுகிற இடங்கள் இருக்கின்றன. தனக்கு ஒட்டிய சொல்லைக் கழற்ற இன்னொருத்தன் மேல் ஒட்டக்கூடாது. இந்த மலையில் பணியரையும் இருளரையும் குறும்பரையும் நம்மில் எத்தனை பேர் என்ன சொல்லிக் கூப்பிடுகிறோம்? அந்தச் சொல்லுக்கு நாம்தான் பொறுப்பு.

மலேசியாவில் ‘இன்டர்லோக்’ என்ற நாவல் 2011இல் பள்ளிப் பாடமானபோது, அதில் இந்தச் சொல் இருந்ததற்காக அங்கே உள்ள தமிழர்கள் தெருவில் இறங்கினார்கள். அந்த ஆண்டே பாடத்திலிருந்து எடுத்தார்கள். கேட்டால் நடக்கும். இங்கே சென்னையில் அச்சாகிற இங்கிலீஷ் பேப்பரிடம் யார் கேட்டோம்?

மாணவத் தோழர்களே, செய்தியில், பாடப் புத்தகத்தில், வாத்தியார் வாயில் இந்தப் பெயரடை வந்தால் எழுந்து நில்லுங்கள். எழுதியவருக்கு ஒரு கார்டு போடுங்கள். மொழிபெயர்க்கும்போது ‘ஒதுக்கப்பட்ட’ என்று மட்டும் எழுதாதீர்கள், யாரால் என்றும் எழுதுங்கள். பறை நம் கருவி, அதை அடிப்போம். பெயரை வைத்துக்கொள்வதா விடுவதா, அதையும் நாமே முடிவு செய்வோம். ஆனால் அடுத்தவன் குற்றத்துக்கு அடைமொழியாக நம்மை இரவல் தர மாட்டோம்.

டிசம்பர் 1 ஊட்டிக்கு வெறும் குளிர்கால நாள் இல்லை. அன்றைக்கு அந்தப் பத்துத் தீர்மானங்களை லயத்து வாசலில் உரக்கப் படிப்போம்.