பொம்மையும் நமது கதாநாயகியும்

இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் வாதமொன்று: விவரணப்படம் இலக்கியமல்ல, பிரசாரம், உடல், அடையாளம், நுகர்வுக் கலாசாரம் என்று இளையவர்கள் எடுக்கும் சிறு படங்கள் மேல்நாட்டார் கவலை, நமக்கெதற்கு? இதை நான் முற்றாக மறுக்கிறேன்.

கிரி டேவிஸ் என்ற கறுப்பினப் பாடசாலை மாணவி நியூயோர்க்கில் 2005இல் எடுத்த 'எ கேர்ள் லைக் மீ' ஏழு நிமிடப் படம். தலைமுடி பற்றி, தோலை வெளுக்கப்பண்ணுவது பற்றி அவர் வயதுப் பெண்கள் பேசுகிறார்கள். பிறகு, 1940களில் கெனத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியர் நடத்திய பொம்மைச் சோதனையை அவர் மீண்டும் செய்கிறார். (பாடசாலைகளில் இனப்பிரிவினை செல்லாதென்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பில் அமெரிக்க உயர் நீதிமன்றம் கெனத் கிளார்க்கின் ஆய்வையும் அடிக்குறிப்பில் சுட்டியது.) இருபத்தொரு கறுப்பினப் பிள்ளைகளில் 15 பேர் வெள்ளைப் பொம்மையையே விரும்பினார்கள். ஒரு சிறுமி, கூடாத பொம்மை எதுவென்று கேட்க, கறுப்பைக் காட்டுகிறாள். உன்னைப் போலிருப்பது எது? கை தயங்குகிறது. பிறகு அதே கறுப்புப் பொம்மையை முன்னே தள்ளுகிறாள்.

இதில் பிரசாரம் எங்கே? கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் பேசாமலிருக்கிறார். நம்மவர்களென்றால் அந்த இடத்தில் இரண்டு பக்கம் அழுது தீர்த்திருப்பார்கள்.

உண்மையான பிரசாரம் நமது சிறுகதைகளில் இருக்கிறது. கதாநாயகி என்றால் எலுமிச்சை நிறம். சீதனக் கொடுமையைக் கண்டிக்கும் முற்போக்குக் கதையிலும் கரைசேராத குமருக்கு நாம் கொடுக்கும் முதல் குறை கறுப்பு. அவளுக்காக இரங்குகிறோமாம்! கறுப்பு ஒரு குறைதான் என்று வாசகியின் தலையில் எழுதிவிட்டு எதற்கு இரக்கம்? யுனிலீவர் கம்பனி 2020இல் 'ஃபெயார் அன்ட் லவ்லி'யின் பெயரை 'க்ளோ அன்ட் லவ்லி' என்று மாற்றியது. வியாபாரிக்கே அந்தச் சொல் கூசியிருக்கிறது. நமக்கு இன்னும் கூசவில்லை. மீலாத் மேடையில் பிலால் (ரலி) அவர்களைப் பற்றி உருகிப் பேசிவிட்டு, மகனுக்குப் பெண் தேடும்போது புரோக்கரிடம் முதலில் நிறம் விசாரிப்பவர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறவன் நான். கட்டுரைக் கொப்பியில் 'அழகிய பெண்' என்று எழுதும் மாணவி, தன்னைப் போன்ற ஒருத்தியை வருணிப்பதில்லை. நாம் எழுதியதைத்தானே அவள் படித்தாள்?

அவர்களில் ஒருத்தி ஏழு நிமிடப் படமெடுக்கக் கையிலுள்ள தொலைபேசியே போதும். பொம்மைக்குப் பதில் நமது சிறுகதைத் தொகுதிகளை மேசையில் வைத்து, 'இதில் உன்னைப் போலிருப்பவள் யார்?' என்று சக மாணவிகளிடம் அவள் கேட்கட்டும். மண்டபம் திறந்து தருமாறு அதிபரிடம் பேசுவது என் பொறுப்பு. கதாசிரியர்கள் முன்வரிசையில் வந்து உட்காரத் தயாரா?