18 ஆனால் போதுமோ?

இந்தக் கிழமை பொட்காஸ்டில ஃபெம்டோசெகண்ட் லேசரைப் பற்றிக் கதைச்சம். கேட்டவை திருப்பிக் கேட்ட முதல் கேள்வி: கண்ணாடியைக் கழட்ட எத்தினை வயசு வேணும்?

பொதுவா 18 எண்டு சொல்லுவினம். டென்மார்க்கில 18 எண்டால் வாக்குப் போடலாம், எஸ்யூ எடுக்கலாம். கண்ணுக்கு அந்தப் பிறந்தநாள் தெரியாது. 2016-இல் அமெரிக்காவின் எஃப்டிஏ ஸ்மைல் முறைக்கு அனுமதி குடுக்கேக்க 22 வயசு எண்டு போட்டது. முந்தின ஒரு வருசத்தில பவர் அரை டயொப்டருக்கு மேல மாறியிருக்கவும் கூடாது. என்னைக் கேட்டால், இந்த இரண்டாவதுதான் பெரிய நிபந்தனை.

எங்கட ஆக்களுக்கு இன்னொண்டும் இருக்கு: கெரட்டோகோனஸ். கோர்னியா, அதாவது கருவிழியின் முன்படலம், மெலிஞ்சு கூம்பு மாதிரித் தள்ளுற வருத்தம். பெரும்பாலும் பதின்ம வயசிலயும் இருபதுகளிலயும்தான் தலைகாட்டும். இங்கிலாந்தின் லெஸ்டரில செய்து 2000-இல் வெளிவந்த ஆய்வில, இந்திய, பாகிஸ்தான், வங்காளதேச வழிவந்த ஆக்களிட்ட இது வெள்ளையரைவிட நாலு மடங்கு அதிகம். இன்னும் இளவயசிலயே வந்திருந்தது. எங்களுக்கும் பொருந்தும் எண்டு நினைச்சு நடக்கிறதுதான் புத்தி.

கோர்னியாவின் நடுத்தடிப்பே ஏறக்குறைய அரை மில்லிமீற்றர். ஒரு டயொப்டருக்குச் சுமார் 15 மைக்ரோன் லேசர் எடுக்கும். மைனஸ் 6 எண்டால் கணக்குப் பாருங்கோ. நல்ல கோர்னியா தாங்கும். ஏற்கனவே மெலியத் தொடங்கினது இன்னும் தள்ளும், பிறகு சாதாரணக் கண்ணாடியும் சரிவராமல் போகலாம்.

செய்யவே வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. ஆர்ஹூஸ் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி வைத்தியர்கள் 2014-இல் 1,500-க்கு மேற்பட்ட ஸ்மைல் சிகிச்சைகளின் முடிவுகளை வெளியிட்டவை. பெரும்பாலான ஆக்களுக்கு நல்லாத்தான் முடிஞ்சது. ஆனால் வயசையும் பவரையும் மட்டும் கேட்டு ரெலிபோனிலயே "ஓம்" எண்டு சொல்ற கிளினிக்கை நான் நம்பமாட்டன். கலியாணத்துக்கு முதல் சென்னையில ஒரு கிழமைக்குள்ள செய்துகொண்டு வாறதும் எனக்குப் பிடிக்காத யோசனை: கொன்டக்ட் லென்ஸ் போடுற ஆக்கள் அளக்க முதல் அதைச் சில நாள், சிலவேளை கிழமைக்கணக்காக் கழட்டி வைக்கவேணும்.

இங்க மஞ்சள் அட்டை இருந்தால் குடும்ப வைத்தியரின்ர கடிதமில்லாமலே, காசில்லாமலே கண் வைத்தியரிட்டப் போகலாம். முதல்ல அங்க போங்கோ. பழைய கண்ணாடிப் பவர்த் துண்டுகளைக் கொண்டுபோங்கோ, கோர்னியாவின் வரைபடம் எங்க எடுக்கலாம் எண்டு கேளுங்கோ. கண்ணைக் கசக்கிற பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கோ.