பேட்ஜ் 14 இருக்கு, சரி... அதுக்குள்ள என்ன இருக்கு?

இன்னைக்கு எஸ்ஐபி, மியூச்சுவல் ஃபண்டு எதுவும் இல்லை. காலேஜ் படிக்கிற பசங்க இருக்கிற வீடுகள்ல சத்தமில்லாம போய்ட்டிருக்கிற ஒரு செலவைப் பத்திப் பேசப் போறோம். டிஜிட்டல் பேட்ஜ்.

என் அக்கா பையன் பி.காம் மூணாவது வருஷம். போன மாசம் தன்னோட லிங்க்ட்இன் பக்கத்தைக் காட்டினான். கலர் கலரா 14 பேட்ஜ். "பிளேஸ்மென்ட்டுக்கு நான் ரெடி மாமா"ன்னான். ஒவ்வொண்ணா கிளிக் பண்ணிப் பார்த்தேன். 9 பேட்ஜ், வெபினார்ல உட்கார்ந்ததுக்குக் கொடுத்தது. மீதி 5 காசு கட்டி வாங்கினது, மொத்தம் 11,500 ரூபாய். அவங்க அப்பாவோட மாசச் சம்பளம் 22,000. "அட்வான்ஸ்டு எக்செல்"னு ஒரு பேட்ஜ் இருந்துச்சு. லேப்டாப்பைக் கையில கொடுத்து, ஒரு விலுக்கப் போட்டுக் காட்டுடான்னேன். முழிச்சான்.

பையன் மேல எனக்குக் கோபம் இல்லை. பேட்ஜுன்னா என்னன்னு யாரும் அவனுக்குச் சொல்லவே இல்லை.

இந்த டிஜிட்டல் பேட்ஜ் வெறும் படம் கிடையாது. மொசில்லா 2011-ல ஆரம்பிச்ச ஓபன் பேட்ஜஸ் முறைப்படி, அந்தப் படத்துக்குள்ளயே தகவல் இருக்கணும். யார் கொடுத்தாங்க, யாருக்கு, எந்தத் தேதியில, என்ன செஞ்சா கிடைக்கும். கூடவே அந்த மாணவன் செஞ்ச வேலைக்கு ஒரு லிங்க்கும் வைக்கலாம். கவனிங்க, "வைக்கலாம்". கட்டாயம் இல்லை. சிக்கலே இங்கதான் இருக்கு. செஞ்ச வேலையைக் காட்டாத பேட்ஜையும் தாராளமா விற்கலாம், விக்கிறாங்க.

அதனால காசு கட்டுறதுக்கு முன்னாடி, ஏற்கெனவே அந்த பேட்ஜ் வாங்கின ஒருத்தரோட பக்கத்துக்குப் போய் அதைக் கிளிக் பண்ணுங்க. என்ன செஞ்சா கிடைக்கும்னு போட்டிருக்கிற இடத்துல "கலந்துகொண்டார்", "பூர்த்தி செய்தார்"னு மட்டும் இருந்தா பர்ஸை மூடிடுங்க. தேர்வு, மதிப்பெண், ப்ராஜெக்ட்னு ஏதாவது இருந்தா மேற்கொண்டு படிங்க. வேலைக்கு எடுக்கிறவர் கிளிக் பண்ணினாலும் அவருக்கும் இதேதான் தெரியும்.

விலையை வச்சு இதைக் கணிக்க முடியாது. என்பிடெல்ல பாடம் படிக்கக் காசு இல்லை, தேர்வு எழுத 1,000 ரூபாய். மையத்துக்கு நேர்ல போய் எழுதணும், அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. ஐபிஎம் ஸ்கில்ஸ்பில்டுல பேட்ஜே இலவசம். 2022-ல தொடங்கின நான் முதல்வன் திட்டம் உங்க காலேஜ்ல இருக்கும், முதல்ல அங்க என்ன கோர்ஸ் ஓடுதுன்னு கேளுங்க. அமேசான் கிளவுட் பக்கம் போறவங்களுக்கு ஆரம்பநிலைத் தேர்வு 100 டாலர், நம்ம காசுக்கு 8,000-க்கு மேல, வரி தனி. சான்றிதழ் 3 வருஷத்துக்குத்தான் செல்லும். இரண்டாம் வருஷத்துலயே அவசரப்பட்டு எழுதினா, வேலையில சேர்ந்து கொஞ்ச நாள்லயே காலாவதி ஆயிடும். இதையெல்லாம் யாரும் விளம்பரத்துல சொல்றதில்லை.

சரி, அக்கா பையன் கதைக்கு வர்றேன். பேச்சுவாக்குல "சனி, ஞாயிறு என்னடா பண்றே?"ன்னு கேட்டேன். பெரியப்பாவோட ஹார்டுவேர் கடையில கணக்குப் பார்க்கிறானாம். ரெண்டு வருஷமா! டாலியில பில் ஏத்துறது, 11-ம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-1, அப்புறம் 14-ம் தேதி 2பி வந்ததும் கொள்முதல் பில்லோட ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஏதாவது பில் 2பி-யில வரலைன்னா அந்த சப்ளையருக்குப் போன் போட்டு "அண்ணே, எங்க பில்லை இன்னும் நீங்க ஏத்தலையே"ன்னு கேட்கிறது. அது வரலைன்னா பெரியப்பாவுக்கு உள்ளீட்டு வரி கிடைக்காது, கைக்காசு போகும். இது அவனுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு.

"இதை ஏன்டா ரெஸ்யூமேயில போடலை?"

"அது வீட்டு வேலை மாமா. சர்ட்டிஃபிகேட் எதுவும் இல்லையே."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரலை. அமெரிக்காவுல நேஸ்னு ஒரு அமைப்பு, மாணவர் வேலைக்குத் தயாரான்னு பார்க்க 8 திறன்களைப் பட்டியல் போட்டிருக்கு. பேசத் தெரியணும், சிக்கலை யோசிச்சு அவிழ்க்கணும், பொறுப்பா நடந்துக்கணும், தொழில்நுட்பம் கையாளத் தெரியணும், இப்படிப் போகும். அங்க சில கல்லூரிகள் அதுக்குன்னே பேட்ஜ் கொடுக்குறாங்க. இந்தப் பையன் அதுல பாதியை ஒவ்வொரு மாசமும் கடையில உட்கார்ந்து செஞ்சுட்டிருக்கான். அதுக்கு பேட்ஜ் இல்லாததால அது திறமையே இல்லைன்னு நினைச்சுட்டான்.

நம்ம காலேஜ்கள் பேட்ஜ் கொடுக்கணும்னா இதுக்குத்தான் கொடுக்கணும்னு நான் நினைக்கிறேன். செஞ்ச வேலையை ஒரு ஆசிரியர் உட்கார்ந்து பார்த்து, கேள்வி கேட்டு, அதை லிங்க்கா இணைச்சுக் கொடுக்கிற பேட்ஜ். செமினார் ஹால்ல கையெழுத்துப் போட்டதுக்கு இல்லை.

பேட்ஜே வேஸ்ட்டுன்னு நான் சொல்றதா எடுத்துக்காதீங்க. சிபாரிசு பண்ண ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, குடும்பத்துல முதல் பட்டதாரிக்கு, ஒரு நல்ல தேர்வு பேட்ஜ் நிஜமாவே கதவைத் தட்ட உதவும். அதனாலதான் அந்த 11,500 எனக்கு இவ்வளவு உறுத்துது. 11 என்பிடெல் தேர்வுக் கட்டணம் அது.

இப்போ பையன் 14-ல 12-ஐ மறைச்சு வச்சிருக்கான். கடைப் பெயர், சப்ளையர் பெயர் எல்லாம் எடுத்துட்டு, ஒரு மாசத்து 2பி ஒப்பீட்டை மாதிரி எக்செல் ஷீட்டாப் போட்டு ரெண்டு பக்கத்துக்கு எழுதச் சொல்லியிருக்கேன். விலுக்கப்பும் அதுலயே கத்துக்கிட்டான், அதுக்குத் தனியா காசு கட்டலை. பெரியப்பாகிட்ட லெட்டர்பேட்ல ஒரு கடிதம் கேட்டிருக்கான். அவர் "இதுக்கெல்லாமாடா லெட்டர்?"னு சிரிச்சாராம், ஆனா எழுதித் தர்றேன்னு சொல்லிட்டார்.