அணைந்த தீயும் எரிந்த வீடும்

தீயை அணைத்தல் ஒன்று. எரிந்த வீட்டை மீளக் கட்டுதல் பிறிதொன்று. எச்.ஐ.வி. நோய்ச் சிகிச்சையைப் பற்றிச் சிந்திக்குந்தோறும் இவ்வேறுபாடே எம் உள்ளத்தில் முன்னிற்கின்றது.

1996ஆம் ஆண்டளவில் பல மருந்துகளை ஒருங்கே கொடுக்கும் முறை வழக்கிற்கு வந்தது. இந்நோய் கூற்றுவனின் ஓலை என்றிருந்த நிலை அன்றுதொட்டு மாறிற்று. மருந்தைத் தவறாது உட்கொள்வோரின் குருதியில் வைரசு அளந்தறிய இயலாத அளவிற்குக் குறைகின்றது. ஆயினும், அவருட் சிலருக்கு நோயை எதிர்க்கும் சீ.டி.4 என்னும் வெண்குருதிக் கலங்கள் பழைய தொகைக்கு மீள்வதில்லை. காரணம் யாது?

குருதியை மட்டும் நோக்குவோர்க்கு விடை புலனாகாது. இக்கலங்களிற் பெரும்பாலன வாழும் மனைகள் நிணநீர்க் கணுக்களும் குடலின் இழையங்களுமாம். நோய் தொற்றிய சில வாரங்களிலேயே குடலிலுள்ள சீ.டி.4 கலங்கள் பெருவாரியாக அழிகின்றன. குடற்சுவர் நலிய, ஆங்குள்ள நுண்ணுயிர்களின் கூறுகள் குருதியிற் கசிந்து ஓயாத அழற்சியை வளர்க்கின்றன. நிணநீர்க் கணுக்களிலோ கொலாஜன் என்னும் நார்ப்பொருள் தழும்பாகப் படிகின்றது. இதனை அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர் அக்கணுக்களை நேரே ஆராய்ந்து கண்டனர். இளங்கலங்கள் உயிர்தரிப்பதற்கு வேண்டிய இன்ரலூக்கின்-7 என்னும் பொருளை ஈயும் வலையமைப்பும் அதனாற் சிதைகின்றது. மருந்து வைரசை அடக்கும். படிந்த தழும்பை எளிதில் அகற்றாது.

ஆதலின், இழையம் சிதையுமுன் சிகிச்சை தொடங்குதல் வேண்டும் என்பதே எமது துணிபு. தாமதம் தகாது என்பதை 35 நாடுகளில் 4,685 பேரிடத்து நிகழ்ந்த 'ஸ்ரார்ட்' ஆய்வு 2015இல் தெளிவுறுத்தியது. சீ.டி.4 எண்ணிக்கை 500க்கு மேலிருக்கும்போதே மருந்து தொடங்கியோர்க்குக் கடும்நோயோ மரணமோ நேரும் இடர், பிற்படுத்தியோரினும் 57 வீதம் குறைந்திருந்தது. எண்ணிக்கை எத்துணையாயினும் தொற்றுடையார் யாவர்க்கும் சிகிச்சை வேண்டுமென அவ்வாண்டே உலக சுகாதார நிறுவனமும் விதந்துரைத்தது.

இலங்கையில் அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம், இரகசியமும் பேணப்படுகின்றது. இருந்தும் பலரைத் தடுத்துநிற்பன நாணமும் ஊரார் வசையுமே. இந்நோயைத் தீவினைப் பயன் என நாம் பேசும் ஒவ்வொரு சொல்லும் ஒருவரை அந்நிலையத்தின் வாயிலினின்றும் திருப்பிவிடக்கூடும். அவர் தாமதிக்குங் காலமெல்லாம் அவருடம்பினுள்ளே தழும்பு படியும்.

ஆசிரியர்காள்! பழைய மாணவர்காள்! இதனை வகுப்பறையிலும் வீட்டிலும் நாணாது எடுத்துரைத்தல் நம் கடனாகும்.