மேளக் கலைஞரும் நமது மேன்மக்களும்

கலியாண அழைப்பிதழ் ஒன்றை எடுத்துப் பாருங்கள். மணமக்களின் பாட்டன் பாட்டிமாரின் பெயர்கள் அதிலே இருக்கும். தகப்பனார் இளைப்பாறிய உத்தியோகத்தராயின் அவர் வகித்த பதவி இருக்கும். முகூர்த்த வேளை நாழிகை பிசகாது குறிக்கப்பட்டிருக்கும். அடியிலே சிறிய எழுத்தில் அச்சகத்தின் பெயர்கூட இருக்கும். மணவறைக்கு முன்னிருந்து விடியற்புறந் தொட்டு வாசிக்கப்போகும் நாதஸ்வரக் கலைஞரின் பெயரும் தவிற் கலைஞரின் பெயரும் அங்கே இரா. தாலி கட்டும் வேளையில் 'கெட்டிமேளம்!' என்று யாரோ ஒருவர் விரலை ஆட்டிக் கூவுவார். அதுவரை சபையோர் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்க, தோடியும் கல்யாணியும் கேட்பாரற்றுக் காற்றிலே போயிருக்கும். சபையோர் மேளத்தை நினைக்கும் ஒரே கணம் அதுதான். அக்கணத்திலும் அவர்கள் வேண்டுவது இசையை அன்று. தும்மலையும் தகாத சொல்லையும் மறைக்கவல்ல ஓசையை.

ஈழத்துத் தமிழர் இசைத்துறையிலே எய்திய சிகரம் யாது என்று நாம் நேர்மையோடு வினவுவோமாயின், விடை சங்கீத சபைகளின் மேடைகளிலே கிடைக்காது. கோயில் வீதிகளிலே கிடைக்கும். வாய்ப்பாட்டிலும் வீணையிலும் நாம் நெடுங்காலம் தமிழகத்தாரிடம் கற்கும் மாணவராகவே இருந்தோம். அதிலே நாணுதற்கு ஒன்றுமில்லை. ஆனால் தவிலிலே நாம் தமிழகத்தார் வந்து கேட்கும்படி வாழ்ந்தவர்கள். இவ்வுண்மையை நமது கல்விமான்கள் வாயளவிலே மறுப்பதில்லை. மறுக்காமலே மறைத்து வைத்திருக்கிறார்கள். 'இசை' என்றால் வாய்ப்பாடு. 'இசைக் கலைஞர்' என்றால் மேடையிலே தம்பூராவின் முன் அமர்ந்தவர். மேளகாரர் என்பவர் பந்தற்காரரோடும் சமையற்காரரோடும் சேர்த்துப் பேசி அமர்த்தப்படுபவர். இந்த வகுப்புப் பிரிவினை இசையிலக்கணத்திலிருந்து வந்ததன்று. சாதியிலிருந்து வந்தது.

சான்றொன்று பார்ப்போம். தஞ்சைப் பகுதியிலிருந்து கோயிற் பணிக்காக வந்து குடியேறிய கலைஞர் குடும்பங்களும், இங்கேயே வேரூன்றிய குடும்பங்களும் சேர்ந்து இணுவில், அளவெட்டி முதலிய ஊர்களை மேளத்தின் தாயகங்களாக்கின. இணுவிலிலே 1933ஆம் ஆண்டு பிறந்தவர் தவில் மேதை தெட்சணாமூர்த்தி. தந்தையார் விசுவலிங்கமும் தவிற் கலைஞரே. தமிழகத்திலே நாச்சியார்கோவில் இராகவபிள்ளையைப் போன்ற பெருந்தவில்களோடு சரிநிகராக அமர்ந்து வாசித்து, அந்நாட்டு விற்பன்னரை வியப்பிலாழ்த்தியவர் அவர். மிருதங்கச் சக்கரவர்த்தியாகிய பாலக்காடு மணி ஐயர் அவரை உலகின் எட்டாவது அதிசயம் என்று போற்றினார் எனும் செய்தி இன்றும் இரசிகரிடையே வழங்கி வருகின்றது. 1975இலே, நாற்பத்திரண்டு வயது நிரம்புமுன், அவர் மறைந்தார்.

'லய ஞான குபேர பூபதி' என்பது அவருக்கு வழங்கிய பட்டம். பட்டத்திலே குபேரன்! பொன்னாடை, பொற்பதக்கம், பட்டம் ஆகியவற்றிலே நமது பிரமுகர்கள் என்றுமே கஞ்சத்தனம் காட்டியதில்லை. மலிவான நாணயம் அது. ஆனால் அந்த மேதையின் விரல் செய்தது என்ன, கணக்குகளை அவர் எவ்வாறு கட்டினார், முன்னோரிடமிருந்து எதனை வாங்கி எதனைப் புதிதாகச் சேர்த்தார் என்று ஒரு மாணவன் இன்று கற்கப் புகுவானாயின், அவன் எங்கே போவான்? இரசிகர்கள் தம் சொந்தச் செலவிலே பதிந்து, பிரதி செய்து, போருக்கும் இடப்பெயர்வுக்கும் இடையிலே காத்து வைத்த ஒலிநாடாக்களே அவனுக்குப் பல்கலைக்கழகம். 1981இலே யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டதையும், 1995இலே குடாநாட்டு மக்கள் ஒரே இரவில் வீடுகளை விட்டுப் பெயர்ந்ததையும் எண்ணிப் பார்க்கும்போது, இவ்வளவேனும் எஞ்சியது அந்த எளிய இரசிகரின் பற்றினாலேதான் என்பது விளங்கும். அவரைப் பற்றிய ஆவணப்படத்தைத் தமிழகத்து அம்ஷன் குமார் எடுத்தார். அதற்கு 2015ஆம் ஆண்டுக்குரிய இந்திய தேசிய விருது கிடைத்த பின்னர், 'எங்கள் தெட்சணாமூர்த்தி' என்று மார்தட்டியோர் பலர். மறைந்து நாற்பதாண்டு கழிந்த பின் பிறர் கொடுத்த சான்றிதழைப் பார்த்துப் பிள்ளையைத் தம்முடையதென்று அடையாளங் காணும் பெற்றோரை என்னென்பது?

தெட்சணாமூர்த்திக்காவது பெயர் எஞ்சிற்று. அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்துக்கும் ஒரு தலைமுறையின் நினைவிலே இடமுண்டு. அவர்களுக்கு அருகிருந்து ஒத்து ஊதியவர்கள், தாளம் போட்டவர்கள், இரண்டாம் நாதஸ்வரம் பிடித்தவர்கள், திருவிழாவுக்குத் திருவிழா ஊரூராக நடந்து தேய்ந்தவர்கள் எத்தனை பேர்? மேளம் தனி ஒருவனின் வித்தையன்று. அது ஒரு கூட்டு உழைப்பு. கூட்டு உழைப்பிலே ஒருவரை மட்டும் தெய்வமாக்கி ஏனையோரை மறப்பது முதலாளித்துவ உலகின் வழக்கம். அதனை நாமும் பின்பற்ற வேண்டியதில்லை.

மேளம் வெளியரங்க இசை, அதிலே நுட்பமில்லை, சத்தமே மிகுதி என்று சபாப் பெருமக்கள் ஒரு வாதம் சொல்வதுண்டு. சற்று நிதானித்துப் பார்ப்போம். இருபதாம் நூற்றாண்டின் கர்நாடக இசையிலே இராக ஆலாபனை விரிந்ததற்கு நாதஸ்வரமே பெரிதும் வழிகாட்டியது. திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளையின் வாசிப்பு ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் பாட்டிலே பதிந்திருப்பதை இசை அறிந்தோர் எவரும் மறுக்கார். கற்றவர் மேடையிலே, கற்பித்தவர் வீதியிலே! அந்த இராஜரத்தினந்தான் சட்டையணிந்தும், குடுமி களைந்தும், மேடையில் அமர்ந்து வாசித்தும், மேலாடையை இடுப்பிற் கட்டிக்கொண்டு பணிந்து நின்ற தம் முன்னோரின் நிலையை உடைத்தவர். அவர் 1956இலே மறையும்வரை சென்னைச் சங்கீத வித்துவ சபை அவருக்குச் 'சங்கீத கலாநிதி' பட்டம் வழங்கவில்லை. அவருக்காக நீண்ட 'பாரி' நாதஸ்வரத்தை உருவாக்கிய நரசிங்கன்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் பெயரை நமது இசை மாணவருள் எத்தனை பேர் அறிவர்? உச்சச் சுருதியில் ஒலித்த குட்டையான 'திமிரி'யின் இடத்திலே ஆழ்ந்த நாதத்தைக் கொணர்ந்தது ஒரு தச்சரின் கை. அந்த ஊரின் நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2022இலேதான்.

தவிலின் செய்தியும் அதுவே. பலாமரக் கொட்டைத் தோளிலே சுமந்து, பசையூட்டி இறுக்கிய கூடுகளை ஒரு கையின் விரல்களிலே மாட்டி, மறுகையில் கழியைப் பிடித்து, இருகைக்கும் இருவேறு முறைகளை ஒரே வேளையில் ஏவி, இரவெல்லாம் வீதியிலே நின்று வாசிப்பவனின் மூளைக்கு நுட்பமில்லை என்கிறார்கள். மின்விசிறியின் கீழே இரண்டரை மணி நேரம் அமர்ந்து கேட்போர் சொல்லும் வார்த்தை அது. உடலுழைப்பும் அறிவுழைப்பும் ஒருவரிடத்தே கூடும்போது, உடலுழைப்பை மட்டும் கண்டு அறிவைக் காணாதிருப்பது உழைக்காத வகுப்பின் கண்நோய்.

இனி இதன் ஆழத்துக்குச் செல்வோம். நமது கோயில்களின் மதில் மனிதரைத் தடுத்தது. ஓசையைத் தடுக்க முடியவில்லை. உள்ளே புக உரிமை மறுக்கப்பட்ட கள்ளிறக்கும் தொழிலாளியும் வயலிலே நெற்றி வியர்வை சிந்திய கூலியாளும், மதிலுக்கு அப்பால் நின்று மல்லாரியையும் இராகத்தையும் கேட்டார்கள். சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இலே இயற்றப்பட்ட பின்னரும், 1968இலே மாவிட்டபுரத்து வாயிலிலே மக்கள் போராட வேண்டியிருந்தது. சுவாமியைக் காண இயலாதவனுக்கும் நாதஸ்வரம் கேட்டது. செவ்வியல் இசையின் வடிவங்களுள் பணமோ சீட்டோ வாயிற்காவலோ இன்றி ஏழையின் செவிக்கு எட்டியது இது ஒன்றே.

அதே மேளம், கேட்கலாம் ஆனால் அழைக்கலாகாது என்னும் கட்டுக்கும் உட்பட்டிருந்தது. ஒடுக்கப்பட்டோர் தம் வீட்டு மங்கல காரியத்துக்கு மேளம் அமர்த்துவதைப் பெரிய மனிதர் பொறுக்கவில்லை. மேளம் வைத்ததற்காகவே அடியும் தீயும் கண்ட குடிசைகள் உண்டு. இசை இங்கே கலையாக மட்டும் இருக்கவில்லை. காணியைப் போல, கிணற்றைப் போல, காவல் போடப்பட்ட சொத்தாகவும் இருந்தது. வாசித்தவனுக்கோ அந்தச் சொத்திலே பங்கில்லை.

கலையை எடுத்துக்கொண்டு கலைஞரைத் தள்ளிவிடுவது நமக்குப் புதிய பழக்கமன்று. 'சின்ன மேளம்' என்று இகழப்பட்ட ஆடல் மகளிரைக் கோயிலிலிருந்து வெளியேற்ற ஆறுமுக நாவலர் காலந் தொட்டுக் குரல் எழுந்தது. பின்னர் அவர்களுடைய ஆடல் 'பரதநாட்டியம்' என்னும் பெயரோடு பெரிய வீட்டுப் பெண்களின் அரங்கேற்றமாகத் திரும்பி வந்தபோது, அதனைக் காத்து வந்த பெண்கள் எங்கே என்று கேட்டவர் எவருமிலர். சிங்கள மக்களிடையேயும் இக்கதை உண்டு. கண்டிய மேளம் அரச விழாக்களின் சின்னமாயிற்று. அதனை அடித்த பெரவாச் சாதியார் சாதி அடுக்கிலே கீழேயே விடப்பட்டனர்.

நிற்க. இதுவரை சொன்னதற்கு முற்போக்காளர் அனைவரும் தலையசைப்பர். ஆனால் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் நீதி கேட்கும் நாமே, இன்னும் ஒரு படி கீழே இறங்கத் தயங்குகிறோம். பறையைச் சொல்கிறோம்.

விபுலானந்த அடிகள் பல்லாண்டு ஆய்ந்து எழுதிய 'யாழ் நூல்' 1947இலே அரங்கேறியது. வழக்கொழிந்த ஒரு கருவியின் நரம்புகளைக் கணிதத்தால் மீட்கப் புகுந்த அந்தப் பேரறிவை நாம் வணங்குகிறோம். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். தொல்காப்பியர் திணைக்குரிய கருப்பொருள்களை எண்ணுமிடத்து யாழையும் பறையையும் ஒரே சூத்திரத்திலே வைத்தார். மறைந்துபோன யாழுக்கு நாம் நூலும் விழாவும் எடுத்தோம். மறையாது, நம் ஊர் எல்லையிலேயே ஒலித்துக்கொண்டிருந்த பறைக்குச் சாவீட்டு வாசலைக் கொடுத்தோம். பழமையைப் போற்றுவதுதான் நோக்கமென்றால், ஈராயிரமாண்டு இடையறாது வாழ்ந்த கருவி எதுவென்று பண்டிதர்களே கூறட்டும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு; அதனை மழுப்புவது நேர்மையாகாது. பறையடித்தலைப் பிறப்பின் கடமையாக்கி, மறுத்தவனை ஊரே சேர்ந்து ஒறுத்த சமுதாயம் இது. ஆகையால் 'இனிப் பறையடியோம்' என்று எழுந்த குரல் தன்மானப் போரின் குரலாயிற்று. அந்த வீட்டுப் பிள்ளையிடம் போய், 'தம்பி, இது நமது தொன்மையான கலை, நீ கைவிடலாகாது' என்று வெள்ளை வேட்டியோடு நின்று உபதேசிப்பது, பழைய கட்டளையையே புதிய மொழியிற் சொல்வதாகும். அவன் கைவிட்டது கலையை அன்று, விலங்கை. கலையைக் காக்க வேண்டுமென்ற அக்கறை நமக்கிருந்தால், அதனைக் கற்கவேண்டியவர்கள் முதலில் நமது பிள்ளைகளே. வெள்ளாள வீட்டுப் பையன் வயலின் பெட்டியோடு வகுப்புக்குப் போவதைப்போலப் பறையோடும் போகட்டும். அவனுடைய தாயார் அதை உறவினருக்குப் பெருமையாகச் சொல்லட்டும். அன்றைக்குப் பறை கலையாகும். அதுவரை அது சாதியின் பெயரே.

இது நடவாத காரியமன்று. மட்டக்களப்பிலே பறைமேளக் கூத்து என்றொரு வடிவம் இருக்கிறது. பறையடித்துக்கொண்டே ஆடுவது, தாளக்கட்டுகளைத் தொடுத்துப் போட்டியாக வளர்த்துச் செல்வது. அதனைப் பார்த்த எவரும் அது சாவுக்கு மட்டும் உரிய ஓசை என்று சொல்லார். அங்கே கலைஞர்களோடு சேர்ந்து அதனைப் பொதுவெளிக்குக் கொணர உழைப்போர் உளர். வடக்கிலே நாம் அதற்கு ஈடாகச் செய்தது மிகக் குறைவு.

1960இலே மருதனார்மடத்தில் தொடங்கிப் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இராமநாதன் நுண்கலைக் கழகம் பாட்டிலும் வயலினிலும் வீணையிலும் மிருதங்கத்திலும் பட்டதாரிகளை உருவாக்கியிருக்கிறது. அது நல்ல பணி. இணுவிலுக்கு அடுத்த வேலியிலே நிற்கும் அந்த நிறுவனத்திலே தெட்சணாமூர்த்தியின் பெயரால் தவிலுக்கு ஓர் ஆய்விருக்கை ஏன் அமையலாகாது? எஞ்சியிருக்கும் ஒலிநாடாக்களைத் திரட்டி, வாசித்தோர் அனைவரின் பெயரோடும் ஆண்டோடும் பட்டியலிடும் வேலையை மாணவரின் ஆய்வேடுகளாக ஏன் கொடுக்கலாகாது? பள்ளிக்கூடங்களிலே 'சங்கீதம்' என்னும் பாடம் வாய்ப்பாட்டையே நடுவாகக் கொண்டிருப்பதை மாற்ற, இதனைப் படிக்கும் ஆசிரியர்கள் தத்தம் சங்கங்களிலே ஒரு தீர்மானம் கொண்டுவர என்ன தடை?

தடை யாதென்று கல்விப் பகுதியார் சொல்லும் விடை நமக்குத் தெரியும். மூத்த தவிற் கலைஞரிடம் சான்றிதழ் இல்லை. பறைமேள அண்ணாவியார் எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆகவே நியமனம் கொடுக்க விதி இடந்தராது. அவரிடம் கற்றவனிடம் கற்றவன் பட்டம் பெற்று வருவானாயின் அவனுக்கு விதி இடந்தரும். விதியை மாற்றக் காத்திருக்க வேண்டாம். வருகைதரு ஆசிரியராக அவரை வகுப்பறைக்குள் அழைத்து வாருங்கள். சங்கீத ஆசிரியர் அமரும் அதே கதிரையைக் கொடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு அவருக்குக் கொடுக்கும் சம்பளம் பட்டதாரிக்குக் கொடுப்பதிலும் ஒரு சதமேனும் குறையலாகாது; அவருடைய பெயர், தலைப்பெழுத்தோடு, பாடசாலையின் நேரசூசியிலே எழுதப்பட்டிருக்க வேண்டும்.