நின்ற அலை எல்லாம் உண்மை சொல்லுமா?

காஜாங் யூனிட்டெனிலோ பாங்கி யுகேஎம்மிலோ பொறியியல் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் ஆசிலோஸ்கோப் என்ற பெயர் ஒருமுறையாவது காதில் விழுந்திருக்கும். மின்னழுத்தம் நேரத்தோடு எப்படி ஏறி இறங்குகிறது என்பதைத் திரையில் வரைந்து காட்டும் கருவி அது. இன்றைய கருவிகளில் 'ஆட்டோ' பொத்தானை அழுத்தினால் போதும், அலை அசையாமல் நின்றுவிடும். அது எப்படி நின்றது, அதிலிருந்து நாம் படிக்கும் நேரம் சரிதானா என்ற இரண்டு கேள்விகளும் அந்தப் பொத்தானுக்குள் மறைந்துபோகின்றன. இரண்டுக்கும் விடை பழைய ஆசிலோஸ்கோப்பின் 'டைம்பேஸ்' பெட்டியில் இருக்கிறது.

ஓர் ஊஞ்சலின் அடியில் பேனாவைக் கட்டித் தரையில் தாளை விரித்தால், பேனா முன்னும் பின்னும் ஒரே கோட்டையே கீறிக்கொண்டிருக்கும். தாளைச் சீரான வேகத்தில் பக்கவாட்டில் இழுத்தால்தான் அந்தக் கோடு அலையாக விரியும். ஆசிலோஸ்கோப்பில் ஒளிப்புள்ளியை மேலும் கீழும் ஆட்டுவது நாம் அளக்கும் மின்னழுத்தம். இடமிருந்து வலமாகச் சீராக நகர்த்துவது டைம்பேஸ்.

இப்போது அதே தாளில் மீண்டும் மீண்டும் வரைவதாக வைத்துக்கொள்வோம். நினைத்த நேரத்தில் எல்லாம் இழுத்தால் கோடுகள் கலைந்து கிறுக்கலாகிவிடும். ஊஞ்சல் நடு இடத்தை முன்னோக்கிக் கடக்கும் கணத்தில் மட்டுமே இழுக்கத் தொடங்கினால், நூறாவது அலையும் முதல் அலையின் மேலேயே விழும். இதற்குத்தான் 'டிரிகர்' என்று பெயர். பெட்டியின் முகப்பில் உள்ள 'லெவல்' குமிழ் எந்த இடம் என்பதையும், 'ஸ்லோப்' விசை எந்தத் திசை என்பதையும் தீர்மானிக்கின்றன.

1897இல் ஜெர்மானிய அறிவியலாளர் ஃபெர்டினாண்ட் பிரவுன் உருவாக்கிய கதிர்க்குழாயிலிருந்து வளர்ந்தது இந்தக் கருவி. முந்தைய கருவிகள் பலவற்றில் புள்ளியின் ஓட்டம் தன்பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கும். குமிழைத் திருகி ஓட்டத்தின் வேகத்தை அலையோடு ஒத்துப்போகச் செய்தால்தான் படம் நிற்கும். வேகமே மாறிவிடுவதால், ஒரு கட்டம் எவ்வளவு நேரம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஹோவர்ட் வோலம், ஜாக் மர்டாக் ஆகியோர் தொடங்கிய டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1947இல் 511 என்ற கருவியைக் கொண்டுவந்தது. அதில் டிரிகர் வந்த பிறகே ஓட்டம் தொடங்கும். ஓட்டத்தின் வேகத்தையும் முகப்பிலேயே படிக்கலாம். 1969இல் வந்த அதே நிறுவனத்தின் 7000 வரிசையில் திரை ஒரு சட்டத்தில் இருக்க, 7பி53ஏ போன்ற டைம்பேஸ் பெட்டியை வலப்பக்கத்தில் இழுப்பறை போலச் செருகிக்கொள்ளலாம். வேலைக்கு ஏற்ப வேறு பெட்டியும் மாற்றலாம்.

பெட்டிக்குள் நடப்பது குழாயடியில் வாளி நிரம்புவதைப் போன்றது. மின்தேக்கிதான் வாளி, அதற்குள் பாயும் மின்னோட்டம் குழாய்நீர். நீர் ஒரே சீராக விழுந்தால் மட்டம் சீராக உயரும். உயரும் அந்த மின்னழுத்தம்தான் புள்ளியை வலப்பக்கம் தள்ளுகிறது. மின்தேக்கியைச் சாதாரணமாக நிரப்பினால் முதலில் வேகமாகவும் போகப்போக மெதுவாகவும் நிரம்பும். அலை ஒரு பக்கம் நசுங்கித் தெரியும். மில்லர் இன்டிகிரேட்டர் என்ற சுற்று மின்னோட்டம் குறையாமல் பார்த்துக்கொள்கிறது. நேரக் குமிழைத் திருப்பும்போது வாளியின் அளவும் குழாயின் திறப்பும்தான் மாறுகின்றன.

புள்ளி வலது ஓரத்தைத் தொட்டதும் ஒளி அணைகிறது, மின்தேக்கி காலியாகிறது, புள்ளி கண்ணுக்குத் தெரியாமல் இடப்பக்கம் திரும்புகிறது. அதுவரை வரும் டிரிகர்களைப் பெட்டி ஏற்காது. அந்தக் காத்திருப்பு 'ஹோல்ட்-ஆஃப்'.

ஆக, அலையை நிற்கவைப்பது டிரிகர். நேரத்தைச் சரியாகச் சொல்வது சீராக உயரும் அந்த மின்னழுத்தம். முதலாவது சரியாக இருந்து இரண்டாவது கெட்டிருந்தால், படம் அழகாக நிற்கும். அளவு தவறாக இருக்கும்.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஓர் அலைக்கு 20 மில்லிசெகண்ட். குமிழை 2 மில்லிசெகண்டில் வைத்தால் ஓர் அலை திரையின் 10 கட்டங்களையும் நிரப்ப வேண்டும். ஓட்டம் 5 விழுக்காடு மெதுவாகிப்போயிருந்தால், அதே அலை ஏறத்தாழ ஒன்பதரைக் கட்டத்தில் முடிந்துவிடும். நாம் 52.5 ஹெர்ட்ஸ் என்று எழுதிவைப்போம். திரையில் சந்தேகப்பட ஒன்றுமே இருக்காது.

பழைய கருவி வாங்குகிறவர்கள் இதை முதலில் சோதிக்க வேண்டும். 'வேரியபிள்' குமிழ் அளவிட்ட நிலையில் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கட்டக் கணக்கு எதுவும் செல்லாது. பிறகு கருவியிலேயே உள்ள சோதனை அலையை இணையுங்கள். அது 1 கிலோஹெர்ட்ஸ் என்றால், 0.1 மில்லிசெகண்டில் ஓர் அலை சரியாக 10 கட்டம் வர வேண்டும். எல்லா வேகங்களும் ஒரே விகிதத்தில் தவறினால் பொதுவான அளவுத்திருத்தம் தேவை. சில வேகங்கள் மட்டும் தவறினால், அந்த வேகங்களுக்குரிய மின்தேக்கி, மின்தடை அல்லது விசையின் தொடுமுனைகளைச் சந்தேகியுங்கள். நம் ஊர் ஈரக்காற்று தொடுமுனைகளுக்கு ஆகாது.

ஓர் எச்சரிக்கை. வீட்டு மின்சாரத்தில் நேராக இணைத்துச் சோதிக்காதீர்கள். அனுபவம் இல்லாதவர்கள் மூடியையும் திறக்க வேண்டாம். கதிர்க்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும். அணைத்த பிறகும் தங்கியிருக்கலாம்.

டிஜிட்டல் கருவியில் இந்த வாளி இல்லை. படிகக் கடிகாரம் நேரத்தை எண்ணுகிறது. ஆனாலும் மாதிரி எடுக்கும் வேகம் போதாவிட்டால், வேகமான அலை மெதுவான அலையாக வேடமிட்டுத் திரையில் தோன்றும். சில நேரம் அசையாமலும் நிற்கும். அதனால் கருவி எதுவானாலும், தெரிந்த அலை ஒன்றை முதலில் அளந்து பாருங்கள். விடை சரியாக வந்த பிறகு தெரியாத அலையை இணையுங்கள்.